வெள்ளைக் கோட்டில் மஞ்சள்

மார்கழி, செவ்வாய்

காலையில் குளிர். குழாயில் தண்ணீர் இல்லை.

வீட்டுக்காரர் வேலை பார்த்த ஹாலில் இன்று டென்னிஸ் தொடக்கம். வெளிநாட்டுக்காரர்கள், காசுக்கு ஆடுகிறவர்கள். பலகைத் தரைமேல் விரித்த பெரிய கேன்வாஸ் அவர் தைத்தது. மறுமுனையை இழுத்துப் பிடித்தது நான். தைத்து முடித்த மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழவில்லை.

அண்ணனிடம் சொல்ல: எள், நல்லெண்ணெய், வாழையிலை.

வியாழன்

கல்யாணிலிருந்து ரயிலேறி அண்ணனும் மதினியும் வந்தார்கள். கருமாதிக்கு வெள்ளைக் கோடிச் சேலை. பிரிக்கவில்லை.

உளுந்து கட்டி வந்த பேப்பரில் அந்த ஆட்டம். 'ஒற்றையர்' என்று போட்டிருந்தது. வலைக்கு அந்தப் பக்கமும் ஒருத்தன் நிற்கிறானே. பிறகென்ன ஒற்றையர்.

சனி

மத்தியானம் கடைசி மஞ்சள் பூசினார்கள். கை நிறைய வளையல், தலை கொள்ளாத பூ. நாளை விடியுமுன் எல்லாம் இறங்கும்.

அந்த நேரம் பார்த்து ஹால் முக்காதம் வாசலில். அவருக்கு மேலே இருந்த மேஸ்திரி. நமது ஆட்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ்; அண்ணி என்பதற்கு மட்டும் 'பாபி'தான்.

"பாபி, தையல் பிரிஞ்சி போச்சு. நாளைக்கு ஃபைனல். நீ வந்தா அவன் வேலை உனக்கு. இல்லேன்னா தாதர்லேர்ந்து வேற தையல் தர்ஜி வருவான்."

மதினி பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, தாலி இறங்குததுக்கு முன்ன வாசல் தாண்டுவியா? மஞ்சக் குளிச்சு ஊர் சுத்தப் போறியாக்கும்!"

"சுத்தப் போகல மதினி. தைக்கப் போறேன்."

"நீ தொட்ட இடத்துல ஒருத்தன் தோத்தா உன்னியத்தான் சொல்லுவான்."

அண்ணன்தான், "விடு. அவ புருசன் வேலை. பொழுது அடையமுன்ன வந்துருவா" என்றார்.

ஹாலில் பின்கோட்டு ஓரம் ஒரு முழம் பிரிந்து கிடந்தது. மறுமுனை பிடிக்க ஆள் இல்லை. பழக வந்த நெட்டை வெள்ளைக்காரன் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினான். பிடித்தான். ரொம்ப இழுத்தான். "மெதுவா" என்றேன். அவனுக்குப் புரிந்தது.

முடித்து எழுந்தால், வெள்ளைக் கோட்டில் என் அஞ்சு விரலும் மஞ்சளாக.

"அரே பாபி, ஏ க்யா கியா!" முக்காதம் தலையில் கை வைத்தார். வெள்ளை பெயின்ட்டும் பிரஷ்ஷும் தேடி ஓடினார். நெட்டையன் சிரித்து ஏதோ சொன்னான். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க லேசு என்றானாம்.

ஞாயிறு

இறக்கியாயிற்று. மதினிதான் அழுதாள். எனக்கு வரவில்லை.

சாம்பல் போட்டுக் கை தேய்த்தேன். நகக்கண்ணில் மட்டும் மஞ்சள் போகவில்லை.

சாயங்காலம் ஃபைனல். நெட்டையனும் இன்னொருத்தனும். தையல் தாங்க வேண்டும்.

திங்கள்

முக்காதம் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தையல்?"

"பக்கா."

"நெட்டையன்?"

"ஹார் கயா. தோத்துட்டான்."

மதினி என்னைப் பார்த்தாள்.

"கோட்டுல இல்ல பாபி. வலையில அடிச்சு அடிச்சே தோத்தான். பாகல், பைத்தியக்காரன்."

வாய் பொத்திச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. நிற்கவில்லை. முக்காதம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது சொன்னார்: புதன்கிழமை கேன்வாஸ் சுருட்ட வேண்டும். அதிலிருந்து வேலை என்னுடையது. மேலே சொல்லிவிட்டாராம்.

பெயின்ட்டுக்கு மேலும் மஞ்சள் தெரிகிறதாம். கழுவவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

புதன்

முதல் பஸ். அவர் ஊசி, மெழுகு, நூல் எடுத்தாயிற்று. மறுமுனைக்கு ஆள் கேட்க வேண்டும்.