சட்டைக்கையில் ஒட்டிய நிறம்

1962 மார்ச் 5, திங்கள். இலண்டன்.
தொலைக்காட்சி நாடக ஒத்திகையில் இன்றும் முத்தத்தைத் தாண்டிச் சென்றோம். "இங்க முத்தம்" என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு நகர வேண்டும், இயக்குநரின் கட்டளை. மேலதிகாரிகள் அறிந்தால் வெட்டிவிடுவார்கள். வெள்ளியன்று நேரலையில்தான் அது முதன்முதலாய் நிகழும். கறுத்தவளை வெள்ளையன் முத்தமிடுவதை நாடே காணும். தடுக்க எவராலும் இயலாது!

நாடகத்தில் மட்டுமா? உடன் நடிக்கும் ராட்னி ஓராண்டாய் என் காதலன். "அம்மா நம்மள டிவியில பாக்கட்டும், யூலா. ஞாயித்துக்கெழமை உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

மார்ச் 7
அறைத்தோழி மெர்ல் கேட்கிறாள்: "ஏண்டி, ஊரே பாக்க முத்தம் குடுக்கப்போற தொர, பஸ்ல மட்டும் ஏன் ரெண்டு சீட்டு தள்ளி உக்கார்றாரு?"
கூச்சம் என்றேன்.

மார்ச் 9, வெள்ளி
என் நிறத்துக்கேற்ற பூச்சு நிலையத்தில் இல்லை. ஒப்பனைப் பெண் மூன்று குப்பிகளைக் கலந்து பூசினாள். விளக்குகளின் வெம்மையில் அது உருகிற்று. முத்தம் முடிந்தபோது ராட்னியின் கன்னத்தில் என் முகத்தின் கறை. கேமரா மிக அருகில்.
துடைத்தான். சட்டைக்கையால், அழுத்தி, விரைந்து. நாடு பார்க்க.
"மேக்கப்தானே யூலா! கை தானாப் போயிடுச்சு."
தானாகவா?

மார்ச் 11, ஞாயிறு
நீலக் கவுன் அணிந்து பதினொரு மணிக்கே காத்திருந்தேன். அவனது தொலைபேசி அழைப்புதான் வந்தது. "அம்மா பாதியிலயே டிவிய அணைச்சிட்டாங்களாம். கொஞ்ச நாள் போகட்டுமே..."
எத்தனை நாள்? தொலைபேசியை வைத்துவிட்டேன். மெர்ல் கேலி பேசவில்லை. சோறும் பயறும் தட்டில் வைத்துவிட்டு அருகில் அமர்ந்தாள்.

மார்ச் 30
அவன் வரவில்லை.

1964 ஜூன் 2
அந்த முத்தக் காட்சியின் பதிவை ஒரே ஒருமுறை காண நிலையத்துக்குச் சென்றேன். அவன் துடைத்தது பூச்சையா, என்னையா? அவன் முகம் சொல்லியிருக்குமே!
ஒளிநாடாக் காப்பாளர் சிரித்தார். "அத அப்பவே அழிச்சாச்சும்மா. டேப் விக்கிற வெலைக்கு எல்லாத்தையும் வச்சிருப்பாங்களா? அதுல இப்ப குதிரப் பந்தயம் ஓடுது."

ஜூன் 19
இன்று மாலை மீண்டும் நேரலை. மீண்டும் முத்தக் காட்சி. வேறொரு வெள்ளை நடிகன். ஒப்பனைப் பெண் குப்பிகளோடு வந்தாள். வேண்டாமென்றேன்.
"வெறும் மூஞ்சியோடவா போப்போறீங்க?"
"வெறும் மூஞ்சியோடதான்."
இம்முறை இந்த நடிகன் துடைத்தால், எதைத் துடைக்கிறான் என்பதை நாடு அறியும்.