ரூட் பாஸ்வேர்ட் இல்லாதவர்கள்

ஜூலை 8, செவ்வாய்
இன்றும் பதில் இல்லை. சர்க்யூட் போர்டில் சாலிடர் விரிசலைப் படத்தில் கண்டுபிடிக்கும் மென்பொருளை சர்வரில் போட்டுத் தாருங்கள் என்று ஐடி பிரிவுக்கு எழுதி மூன்று வாரம் ஆகிறது. எல்லாருக்கும் பொதுவான இடத்தில் நிறுவ, சர்வரின் தலைமைச் சாவியான ரூட் பாஸ்வேர்ட் வேண்டுமாம். அதை எங்கே பூட்டி வைத்திருக்கிறார்களோ. மாத முடிவில் என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அதற்குள் கேமரா சோதனை ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் யாருடைய குற்றம் என்று எழுதுவார்கள்? என்னுடையது என்றுதான்.

ஜூலை 10, வியாழன்
போட்டுவிட்டேன். பொது இடத்தில் இல்லை, சர்வரில் என் பெயரில் இருக்கும் ஃபோல்டரில். நிறுவும்போதே இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால் சர்வரில் ஓடும் லினக்ஸ் யாருடைய பாஸ்வேர்டையும் கேட்பதில்லை. ஆனால் ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்டது, அது வேறொன்றை. கடைசியில் எல்லாவற்றையும் அங்கேயே குடிவைத்து, நிரல் அங்கே போய்த் தேடும்படி வழியும் எழுதினேன். விரிசல் பளிச்சென்று தெரிந்தது. மாக் மண்டின் தொழிற்பேட்டையிலிருந்து வீடு திரும்பும்போது ஃபெரியில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 11
பக்கத்து மேசை குணாளன் எட்டிப் பார்த்தார். "எனக்கும் தொறந்து விடு லா, நிலானி." எல்லாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்தேன்.

ஜூலை 16, புதன்
ஐடி மேனேஜர் ஆனந்தராஜா எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "யாரைக் கேட்டும்மா வெளி சாமானெல்லாம் சர்வர்ல போட்டீங்க? பாலிசி தெரியாதா?"

மூன்று வாரமாகக் கேட்டேனே, அது கேட்டதில் சேராதா? நான் என்ன திருடினேனா? எச்.ஆருக்கும் எழுதிவிட்டார். நிரந்தரம் இப்போதைக்கு நிறுத்திவைப்பு.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

"எல்லாத்தையுமா, சார்?"

"எல்லாத்தையும்."

அழித்தேன்.

ஜூலை 17
காலையிலேயே சோதனை லைன் நின்றது. குணாளனின் நிரல் என் ஃபோல்டரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரியாதது — ஆனந்தராஜாவின் தினசரி அறிக்கையும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்ததாம்.

என் மேசைக்கே வந்தார். குரல் இறங்கியிருந்தது. "குணாளன் எழுதித் தந்தது லா. எங்கேருந்து ஓடுதுன்னு நான் பாக்கல. திரும்பப் போட முடியுமாம்மா?"

"நீங்களே பொது எடத்துல போடலாமே, சார்."

"ரூட் என்கிட்ட ஏது? அது சிங்கப்பூர் ஆபீஸ்ல. நானும் கேட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் திட்டும்போது ஊரே கேட்க வேண்டும், உதவி கேட்கும்போது எனக்கு மட்டும் கேட்டால் போதுமா? எச்.ஆருக்கு எழுதியதைத் திரும்ப எடுப்பீர்களா என்றேன். "பாப்போம் லா" என்றார். என்னத்தப் பாக்கிறது? லைன் நிற்கிறதே என்று மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 22
இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்
சிங்கப்பூரிலிருந்து ஒருவழியாகப் பதில். என் கோரிக்கையை முடித்துவிட்டார்களாம். காரணம்: கேட்ட மென்பொருள் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று முகவரியும் கொடுத்திருக்கிறார்கள் — என் ஃபோல்டரின் முகவரி. அப்போ நான் போட்டது வெளி சாமான் இல்லையா? இரண்டு முறை படித்தேன். பிறகு ஒரு சொல்கூடச் சேர்க்காமல் அப்படியே எச்.ஆருக்கு அனுப்பினேன்.

ஜூலை 31
நிரந்தரம் ஆகிவிட்டது. கடிதத்தின் அடியில் ஐடி பிரிவின் குறிப்பு ஒன்று: முன் அனுமதி இல்லாமல் என் ஃபோல்டரிலிருந்து நான் எதையும் அழிக்கக் கூடாதாம்.