ஒரு ஸ்பூன் மயில்துத்தம்

2 நவம்பர், வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. மயிலாப்பூரிலிருந்து சைதாப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் பாதி நனைந்தாயிற்று, பஸ்ஸுக்குள்ளேயே ஒழுகுகிறது. ஆபீஸில் சூப்பரிண்டென்ட் லேட் மார்க் போட்டார். போடட்டும்.

சாயங்காலம் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வயிற்றெரிச்சல். கரப்பான் என் அட்டை ஆட்களில் மூன்று பேரைத் தின்றிருக்கிறது.
வில்லாளி: தலை இல்லை.
கிழ மந்திரவாதி: தாடியும் தடியும் காலி.
பூதம் நம்பர் 2: முதுகு முழுசாக.

ஒவ்வொன்றும் இரண்டு சாயங்கால வேலை. முன்பக்கமும் பின்பக்கமும் தலையோடு தலை சேர வரைந்து, கறுப்பு இங்க்கில் கோடு இழுத்து, வர்ணம் காய்ந்ததும் தலையில் மடித்து ஒட்டி, நகம் வெட்டும் கத்தரியால் சுற்றி வெட்டி, சோடா மூடியில் நிறுத்த வேண்டும். சனியன் பிடித்த கரப்பானுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? மைதாப் பசை ருசி, அவ்வளவுதான்.

தீபாவளிக்குத் திருச்சியிலிருந்து வந்த அக்கா பத்து நாள் இருப்பாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள். "என்னடா ரகு இது, முப்பது வயசுல பொம்மை பண்ணிண்டு?"

விளக்கினேன். அமெரிக்கா போன காலேஜ் சிநேகிதன் அனுப்பிய ஆட்டப் புஸ்தகம். நான் கதை சொல்ல வேண்டும். குகை, கிணறு, பூதம். ஆடுகிறவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். பிழைப்பதும் சாவதும் இருபது முகப் பகடையில். அது இங்கே கிடைக்காது, அதனால் பவுடர் டப்பாவில் 1 முதல் 20 வரை சீட்டு. புஸ்தகத்தில் ஈயப் பொம்மை வாங்கச் சொல்லியிருக்கிறது. அதற்கு எங்கே போவது? கல்யாணப் பத்திரிகை அட்டைதான். பிள்ளையார் அச்சடித்த பக்கத்தில் மட்டும் கத்தரி வைப்பதில்லை.

அக்கா முழுசும் கேட்டுவிட்டு, என் பெண்டாட்டி பக்கம் திரும்பி, "கமலா பாவம்" என்றாள்.

அக்கா பெண் சுஜாவுக்கு மூன்று வயசு. அவளுக்குத்தான் பிடித்திருக்கிறது. பூதத்தைக் காட்டி, "மாமா, இது யாரு, நீயா?"

3 நவம்பர், வெள்ளி

ஆபீஸ் ரெக்கார்டு ரூம் பைண்டர் ஏழுமலையிடம் கரப்பான் புகார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர். என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். சிரித்தார்.

"இன்னா சார் நீ, வெறும் மைதாவுல ஒட்டினா துன்னாம இன்னா பண்ணும்? பசை காய்ச்சறப்ப மயில்துத்தம் போடு. நம்ம லெட்ஜருங்கோ முப்பது வருசமா அப்பிடியே கீது பாரு. ஒரு சிட்டிகை போதும். கைய நல்லா கழுவிக்கோ, வெசம் அது."

தெற்கு மாடவீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். செம்பு உப்பாம். நீலமாக, கற்கண்டு போல அழகாக இருக்கிறது.

4 நவம்பர், சனி

வானம் மூட்டம். பசை காய்ச்சினேன். ஒரு சிட்டிகை போடவில்லை, கரப்பான் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு ஸ்பூன் நிறைய. பசை வெளிர்நீலமாகக் கூழ் மாதிரி வந்தது. கொட்டாங்குச்சியில் ஊற்றி ஜன்னல் மேல் வைத்தேன். பாத்திரத்தை நானே இரண்டு தடவை தேய்த்துவிட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை!

வில்லாளி, மந்திரவாதி புதுசாக ரெடி. வர்ணம் காய வேண்டும்.

காலையில் தெருவில் ஈயம் பூசுகிறவன் குரல். கமலா பித்தளை அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அம்மாவுடையது, விளிம்பில் 'அலமேலு' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். "ஏன்னா, உள்ள ஈயமே போயிடுத்து. கூப்பிடட்டுமா?"

முற்றத்தில் அடுப்பு மூட்டி ஊதுவான், சாம்பல் எல்லாம் ஈர வர்ணத்தில் வந்து உட்காரும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுக்கை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

5 நவம்பர், ஞாயிறு

6 நவம்பர், திங்கள்

சி.எல். போட்டாயிற்று. நேற்றையதை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் பிறகு எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

2 மணி. ஆட்டம். ஏழுமலை, பக்கத்து செக்‌ஷன் சந்தானம், நான். குகையில் ஒரு கிணறு. ஏழுமலையின் வாள்வீரன் யாரையும் கேட்காமல் தண்ணீர் குடித்தான். விஷம். பதினாலுக்கு மேல் வந்தால் பிழைப்பான். எடுத்த சீட்டு 6.

"சார், சார், இன்னொரு சீட்டு சார். நாலு மாசமா வெச்சினுகீறேன் அவன."

கிடையாது என்றேன். எங்கள் வழக்கம், செத்தவனை ஆடினவனே கிழிக்க வேண்டும். கிழித்து, இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நடுவில் பூதம் சோடா மூடியிலிருந்து கழன்றது. கொட்டாங்குச்சியை ஜன்னலிலிருந்து இறக்கி ஒட்டினேன். பாய் ஓரத்தில் வைத்தேன். திரும்ப மேலே வைக்கவில்லை.

4.30. இருவரையும் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடப் போனேன். அரை மணி நேரம் கிணற்றைப் பற்றியே வாக்குவாதம்.

திரும்பி வந்தால் கூடத்தில் சுஜா சுருண்டு கிடக்கிறாள். கமலா மடியில் தலை. வாந்தி. பச்சையும் நீலமுமாக. அக்கா, "ஐயோ, என்னமோ பண்றதே குழந்தைக்கு!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பாய் ஓரத்தில் கொட்டாங்குச்சி. முக்கால்வாசி காலி. விரலால் வழித்த தடம்.

அதை எடுத்துக் கொல்லைச் சாக்கடையில் போட்டு இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினேன். முதலில் செய்தது அதுதான். குழந்தையைத் தூக்கியது அதற்கு அப்புறம்.

டாக்ஸி. ஆஸ்பத்திரி. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். டாக்டர் வாந்தியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "பித்தளைப் பாத்திரத்துல புளியோ தயிரோ வெச்சிருந்தீங்களா?" என்றார்.

கமலா முகம் வெளுத்துவிட்டது. "காலம்பற மோர்க்குழம்பு, டாக்டர். ஈயம் போன அடுக்குல. அவசரத்துல அதுலயே வெச்சுட்டேன்."

"பித்தளையிலேர்ந்து ஊறின களிம்பும்மா அது. பெரியவங்க உடம்பு தாங்கும், குழந்தைக்குத் தாங்குமா? வேற ஏதாவது வாயில போட்டுதா? மருந்து, பெயிண்ட்?"

அக்கா, "இல்லையே" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

7 நவம்பர், செவ்வாய்

மழை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சாரல். ட்ரிப்ஸ் ஏறுகிறது. கண் திறக்கிறாள், மூடுகிறாள். சிறுநீர் சரியாகப் போகவில்லையாம், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மயில்துத்தம் என்று தெரிந்தால் வேறு மருந்து கொடுப்பார்களோ? அல்லது இதேதானா? எனக்கு என்ன தெரியும். நர்ஸிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். முதல் தடவை அவள் வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள். இரண்டாவது தடவை எதிரிலேயே நின்றாள். "சிஸ்டர்" என்றேன். "என்ன சார்?" "ஒண்ணுமில்லை, குடிக்கத் தண்ணி குடுக்கலாமா?"

தூ. என்ன ஜென்மம் நான்!

அக்கா கமலாவிடம் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "ஏண்டி, தெரிஞ்சுண்டே அந்தப் பாத்திரத்துல வெச்சியே, உனக்கும் ஒரு குழந்தை இருந்தா செய்வியா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பெஞ்சியில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

8 நவம்பர், புதன்

பிழைத்தாள். பிழைத்தாள். பிழைத்தாள்.

காலையில் சிறுநீர் நன்றாகப் போயிற்று. பத்து மணிக்கு இட்லி கேட்டாள். பிறகு, "மாமா, பூதம் எங்கே?" வெளியே போய்த் தூண் மறைவில் நின்று அழுதேன். டாக்டர் தோளில் தட்டி, "போங்க, தப்பிச்சுது" என்றார்.

உடனே உள்ளே ஒரு குரல். 'குழந்தைதான் பிழைத்துவிட்டதே, இனி எதற்குச் சொல்ல வேண்டும்?' வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

9 நவம்பர், வியாழன்

டிஸ்சார்ஜ். அக்கா இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இன்றைக்கே ரயில்.

கமலா வாசல் வரை வந்தாள். "அக்கா, வழிக்குக் கொஞ்சம் தயிர் சாதம் கட்டித் தரட்டுமா? கல்சட்டியில பிசைஞ்சது."

"வேண்டாம்மா. ஸ்டேஷன்ல ஏதாவது வாங்கிக்கறோம்."

பிறந்ததிலிருந்து ஸ்டேஷன் சாப்பாட்டை அக்கா கையால் தொட்டதில்லை. கமலாவுக்கும் அது தெரியும்.

எழும்பூரில் ஜன்னல் வழியாக சுஜா கை ஆட்டினாள். "மாமிக்கு டாடா சொல்லு" என்றாள் என்னிடம்.

10 நவம்பர், வெள்ளி

ஆபீஸ். வெயில், ஆனால் புழுக்கம். ஏழுமலையிடம் மட்டும் சொன்னேன். ரெக்கார்டு ரூமில், பீரோவுக்குப் பின்னால்.

ஊசியைக் கீழே வைத்தார். "எவ்ளோ போட்டே?"

"ஒரு ஸ்பூன்."

"ஸ்பூனா! சிட்டிகைன்னுதானே சொன்னேன். அடப் பாவி. கொழந்தைக்கு இப்ப எப்டி கீது?"

"நன்னா இருக்கா."

"வூட்ல இன்னா சொன்னே?"

டாக்டர் அடுக்கின் களிம்பு என்றதையும், கமலா அதை நம்புவதையும் சொன்னேன்.

"அந்தம்மா தன் தலையில போட்டுக்கினு உக்காந்துகீது, நீ சும்மா கீறியா? நான் வந்து சொல்லட்டா? நான்தானே மொதல்ல போடச் சொன்னவன்."

வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன் என்றேன். ஏன் ஞாயிறு என்று அவர் கேட்கவில்லை. அவர் சட்டைப் பையில் இன்னும் அந்தக் கிழிந்த வாள்வீரன் எட்டிப் பார்த்தான்.

11 நவம்பர், சனி

கமலா எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கழுவுகிறாள். அன்றிலிருந்து புளி போட்டு எதுவும் செய்யவில்லை. பருப்பும் சாதமும். அதையும் முதலில் தான் ஒரு வாய் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் பரிமாறுகிறாள்.

"குழந்தை கண்ணை மூடியிருந்தா நானும் போயிருப்பேன்னா" என்றாள் இன்று. சாதாரணமாக, மோர் ஊற்றிக்கொண்டே.

ஈயம் பூசுகிறவனைக் கூப்பிட வேண்டாம் என்று தடுத்தது நான். அதைக்கூட அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டினால் கோபித்துக்கொண்டு, அந்தக் கோபத்தில் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று காத்திருக்கிறேன். இப்படியும் ஒரு மனுஷன்.

நாளைக்கு ஆட்டம் இல்லை. பெட்டியைத் திறக்கவில்லை. கரப்பானும் வரவில்லை. பசை நன்றாக வேலை செய்கிறது.

12 நவம்பர், ஞாயிறு

காலையில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். சாப்பிட்டதும் அவள் பையை எடுத்துக்கொண்டு பாண்டி பஜார் போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். ஒரு மணி நேரம் கூடத்தில் நடந்து நடந்து வாக்கியம் தயார் செய்தேன்.

3.30. வந்தாள். பையிலிருந்து புது எவர்சில்வர் அடுக்கு.

"பழசைப் போட்டு மாத்திண்டு வந்துட்டேன்" என்றாள். "அதைப் பார்க்கறப்பல்லாம் உடம்பு நடுங்கறது."

விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. அலமேலு இல்லை. 'சுஜா'.

"அக்காவுக்கு அனுப்பிடலாம்னா. அவா ஆத்துலயாவது குழந்தை பயமில்லாம சாப்பிடட்டும்."

தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "அடுக்குல ஒண்ணுமில்லை கமலா, என் பசைதான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கரப்பான், ஒரு ஸ்பூன், பாய் ஓரம், சாக்கடை, இரண்டு செம்பு தண்ணீர்.

அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. அம்மா பாத்திரத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"பெயிண்ட், மருந்து ஏதாவதான்னு டாக்டர் கேட்டாரே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"குழந்தை இருக்குமா போகுமான்னு தெரியாதப்போ?"

"ஆமாம்."

என்னை வைது தீர்த்திருக்கலாம். எழுந்து உள்ளே போனாள். அடுக்கைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. புதுசை எதற்குத் தேய்க்கிறாள்?

பழைய அடுக்கை மீட்கப் பாண்டி பஜாருக்கு ஓடினேன். கடைக்காரர், "காலையிலேர்ந்து வந்த பித்தளை எல்லாம் அப்பவே லாரில ஏத்தியாச்சு சார், இந்நேரம் உடைச்சிருப்பாங்க" என்றார்.

திரும்பி வந்தபோது மேஜை மேல் ஓர் இன்லண்ட் லெட்டர். மேல்புறம் திருச்சி விலாசம், கமலா கையெழுத்து. உள்பக்கம் காலி.

"அக்காவுக்கு நீங்களே எழுதுங்கோ. டாக்டர் கேட்டதையும் சேர்த்து."

5.40 இப்போது. 'அன்புள்ள அக்காவுக்கு' வரை வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கடிதம் ஒட்ட, ஒரு தட்டின் ஓரத்தில் நாலு பருக்கை சாதம் வைத்திருக்கிறாள்.