தேவகியின் மூன்றாவது ஆள்

அக்கா,

இன்று காலை விழுப்புரத்தில் திண்டிவனம் பேருந்தில் ஏறியதும் அவித்த மல்லாட்டை வாசனை. பக்கத்தில் யாரோ வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். உட்கார முடியாமல் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

தினமும் இதே பேருந்தில் போய், திண்டிவனம் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நாம் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். உங்கள் கணவர் இறந்த பிறகு நீங்கள் எழுத ஆரம்பித்திருந்தீர்கள். மல்லாட்டையைக் கொறித்தபடி, பேருந்திலேயே செல்போனில் எழுதி, வாராவாரம் கதைச் செயலி ஒன்றில் போடுவீர்கள். உங்கள் கதாநாயகி தேவகி முதலில் வளவனூர் டிராக்டர் மெக்கானிக்கைக் காதலித்தாள். அவன் வெளிநாடு போய் அவளை மறந்தான். பிறகு, வீட்டில் கட்டிவைத்தவன் மேல் மெல்ல ஆசை வைத்தாள், அவன் செத்துப்போனான். நாற்பத்தைந்து வயதில் கரும்பு லாரி ஓட்டும் ஒருவருக்காக மறுபடியும் பூ வைத்துக்கொண்டாள்.

"இன்னமுமாக்கா?" என்று சிரித்தேன்.

"அவ உயிரோடதானே இருக்கா?" என்றீர்கள்.

உங்கள் கொழுந்தனார் வந்த ஞாயிறன்று நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னா அண்ணி இது? செத்துப்போன எங்க அண்ணன பாத்து ஊரே சிரிக்க வெச்சிக்கினு இருக்கீங்க. யாரு அந்த லாரிக்காரன்?"

"கதைங்க அது."

"கதைன்னா அவள சாவடிச்சிடு. இல்ல, தப்புப் பண்ணிட்டேன்னு அழ வை." அவர் பேச்சில் மரியாதை நழுவிவிட்டது. "இல்லன்னா வெண்ணிலாவுக்குப் பேசின சம்பந்தம் நடக்காது. மாப்ள ஊட்டுக்காரங்க என் பேச்சத்தான் கேப்பாங்க."

மகள் வெண்ணிலா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அந்தச் செல்போனைக் கையில் வாங்கிக்கொண்டீர்கள். ஒப்புக்கொண்டுவிடுவீர்கள் என்றே நினைத்தேன். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அந்த லாரிக்காரரு அவள நல்லா வெச்சிக்குவாரா?"

"வெச்சிக்குவாரு."

"அப்ப எழுதும்மா."

சம்பந்தம் முறிந்தது. கடையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் பேச்சு அடங்கவேயில்லை. நீங்கள் நிறுத்தவில்லை. தேவகியையும் லாரிக்காரரையும் ஒரே வீட்டில் குடிவைத்துக் கதையை முடித்த பிறகுதான் மாரடைப்பு வந்தது.

உங்கள் காரியத்தன்று பந்தலில் எல்லார் முன்னாலும் கொழுந்தனார் என்னை மறித்தார். கண்கள் சிவந்திருந்தன.

"தினம் கூடவே போய்க்கினு வந்தியே, உனக்குத் தெரியாம இருக்காது. நெசமாவே யாரும்மா அந்த ஆளு?"

வெண்ணிலாவும் என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. நான் கேட்டதில்ல."

யாரும் நம்பவில்லை. உண்மை அதுதான் அக்கா. எத்தனையோ முறை அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. நான் கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்பதாலேயே கேட்கவில்லை.

நேற்று கடையில் ஐம்பது வயதுக்காரம்மா ஒருவர் கருஞ்சிவப்புப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தார். "இந்த வயசுல யாருக்காம்?" என்று கடைப்பெண் என் காதைக் கடித்தாள். நான் கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கைப் போட்டுவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.