பிளேடு கூப்பன்

என்னங்க,

போன தடவை வந்தபோது, "வாரத்துக்கு ஒரு கம்பெனி சோப்பு, மாசத்துக்கு ஒரு கம்பெனி டீத்தூள், என்ன வீடு இது?" என்று சலித்துக்கொண்டீர்களே, காரணம் இதுதான். பத்திரிகையில் எந்தக் கம்பெனிக்குக் கூப்பன் வருகிறதோ, அதை வெட்டிக்கொண்டுபோய் அந்தச் சரக்கையே வாங்குகிறேன். மிச்சமாகும் பணத்தில் வயலின் வகுப்புக்குப் போகிறேன். முன்பு ஆசைப்பட்டுக் கேட்டபோது, "இருக்கிற செலவுல வயலின் ஒண்ணுதான் குறைச்சல்" என்றீர்கள். நீங்கள் அனுப்புவதில் ஒரு காசு தொடவில்லை.

வேலை முடிந்து வந்து கத்தரிக்கோலைப் பிடித்தால் கை ஓய்ந்துபோகிறது. வாசிப்பும் கதவு கிறீச்சிடுவதுபோலத்தான் இருந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா வர்றதுக்குள்ள ஒரு பாட்டாவது உருப்படியா கத்துக்கோம்மா" என்றாள்.

நான்கு பாட்டு கற்றுக்கொண்டுவிட்டேன். நீங்கள் வந்துபோய் ஐந்து மாதம் ஆயிற்றே.

பணம் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் போடும் சவர பிளேடுக்கு ஒரு கூப்பன் வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிவரைதான் செல்லும். போன தடவை நீங்கள் கிளம்பிய பிறகு வாங்கிய பாக்கெட்டே அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது.

வாங்கவா, வேண்டாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா