மூட்டை – வழியில்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ நலமா, இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, நான் நலமாகத்தான் இருக்கிறேன், அப்பாவுக்கு அந்தச் சொல்லை எழுதப் பேனா நகரவில்லை. உனக்காகக் காலையும் மாலையும் ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முதுகு வலி குறைந்ததா, நாள் முழுக்க நின்றுகொண்டே ரத்தம் பரிசோதித்தால் வலிக்காமல் என்ன செய்யும், ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள், வாய்விட்டுக் கேட்டால் எதுவும் குறைந்துபோக மாட்டாய். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், போகும்போது அவர்கள் வீட்டுப் பூனையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், அது இப்போது நம் வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னை வீட்டுக்காரி மாதிரி முறைக்கிறது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன், ஏன் என்று உனக்குப் புரியும், அப்பா உள்ளே போட்டால் அவரால் திறக்க முடிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் போனில், அப்படி என்னதாம்மா இருக்கு அந்தக் கேம்ப்ல, நூறு பேர் பைக்ல போய்ச் சேத்துல டென்ட் போட்டு உருண்டுட்டு வர்றதுல என்று கேட்டாய், மாசக் கடைசிக்குள்ள அப்பா வண்டிய நம்ம தெரு அச்சகக்காரர்கிட்ட வித்துடுங்க, நான் பேசிட்டேன், அப்பாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம் என்றும் சொன்னாய். அதே கேள்வியை இருபத்து நான்கு வருடமாக நான்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் ஒரு தடவையும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை, வந்து பாரு என்பார், எனக்கு வேற வேலை இல்லையா என்பேன், அதோடு அந்த வருடப் பேச்சு முடியும். இந்த வருடம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, இந்த நரம்பு நோய் திரும்பிப் போகாது, இப்போது கைகள், அடுத்த வருடத்துக்குள் கால்கள், பிறகு மூச்சு என்று சொல்லிவிட்டார், வெளியே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, கேம்புக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு என்பது. உனக்குச் சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை. எப்படியும் போகத்தான் போகிறார், நானும் கூடப் போய் ஒரு கண் வைத்துக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டேன். இந்த வருடம் கேம்ப் நடந்த இடம் மூடிப்போன ஒரு கல்குவாரி, அந்தக் கூட்டத்தில் ஒரு நர்ஸம்மா இருக்கிறாள், பக்கத்தில் தொட்டி வைத்த வண்டி ஓட்டுகிறவள், அந்தத் தொட்டியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே வந்தாள். அப்பா இரண்டாம் கியரிலேயே ஓட்டினார். ஒரு திருப்பத்தில் கிளட்சைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, வண்டி இருமிக்கொண்டு நின்று அப்படியே சாய்ந்தது, முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. நான் தொட்டியிலிருந்து இறங்கி நடுரோட்டில் நின்று ஆண்டவனையும் உன் அப்பாவையும் சேர்த்துத் திட்டினேன், ஆண்டவன் மன்னிப்பார், அப்பா சிரித்தார்.

கேம்ப் வாசலில் கட்டை மீசை வைத்த ஒரு ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார், யார் வந்தாலும் எழுந்து நிற்கிறார், அது அவர்கள் வழக்கமாம், மழையானாலும் உட்கார்ந்தபடி யாரையும் உள்ளே விடுவதில்லை. அப்பா வண்டியை நிறுத்தினார், ஆனால் ஹேண்டிலைப் பிடித்த விரல்கள் பிரியவில்லை. கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் கிட்டே வந்து, டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, வாங்க ரெண்டாம் கியர், இந்த வருஷமும் லேட்டு என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். அங்கே யாரும் சொந்தப் பெயரை எழுதுவதில்லை, முதல் வருடம் மற்றவர்கள் வைக்கும் பட்டப்பெயர்தான் கடைசிவரை. என் வீட்டுக்காரருக்கு இருபத்து நான்கு வருடமாக இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை கண்ணு. சேறு இருக்கிறது, மழை இருக்கிறது, சோறு குழைந்து போயிருந்தது, கழிப்பறையைப் பற்றி எழுத மாட்டேன். பல் டாக்டரும் சாக்கடை அடைப்பு எடுப்பவரும் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு ஒருவரையொருவர் வாடா போடா என்கிறார்கள். ஆனால் ஒன்று பார்த்தேன். டென்டின் ஜிப்பைத் திறக்க அப்பா உட்கார்ந்தார், விரல் வழுக்குகிறது, திரும்பப் பிடிக்கிறார், வழுக்குகிறது. வீட்டில் செய்கிற மாதிரி நான் பாய்ந்துபோய்க் கையை நீட்டினேன், நர்ஸம்மா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள், விடுங்கக்கா, நாங்க யாரும் எங்கயும் போகப் போறதில்ல என்றாள். அவளும் கண்டக்டருமாக நாலைந்து பேர் பேசிக்கொண்டே நின்றார்கள், யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. அப்பா திறந்துவிட்டார். நாம் இந்த எட்டு மாதமாக அன்பு என்று நினைத்துக்கொண்டு அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தோம், டம்ளரை, சட்டைப் பொத்தானை, செய்தித்தாளை, இப்போது வண்டியை. அங்கே அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே, மூணாவதா வந்த வண்டியில வால்வு தட்டுது, போய்ப் பாருங்கடா என்கிறார், முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த காது அல்லவா, போய்ப் பார்த்தால் தட்டுகிறது. அதற்காகத்தான் போகிறார்கள் போலிருக்கிறது.

இனி எழுதப்போவது நான் செய்த தப்பு. சும்மா உட்கார எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், கண்டக்டருக்குக் கண் புரை வேறு, கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, நோட்டைக் கொடுங்க நான் பாத்துக்கறேன் என்று வாங்கிக்கொண்டேன். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கணக்குப் பதிவியல் புத்தகத்தைத் தனியாகப் படித்தவள் நான், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டாலும் பத்தி பிரித்து எழுதுவதில் என்னைக் குறை சொல்ல ஆள் இல்லை என்ற கர்வம். வந்தவர் தலைகளை நானே நடந்து எண்ணினேன், நூற்று நாற்பத்து மூன்று. நோட்டில் நூற்றைம்பது. ஏழு உதைத்தது. தேடிப் பார்த்தால் பல்லி, சோடா, வாத்தி என்று ஆறு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே வழியில் என்று எழுதியிருக்கிறது, போன வருட நோட்டிலும் அதற்கு முன்பும் அதே வழியில். ஏழாவதாக மூட்டை, வழியில் என்று ஒரு வரி, பதினொரு வருடமாக. யாரோ அனுப்பிய சாமான் மூட்டை லாரி ஆபீசிலேயே தொலைந்துபோயிருக்கிறது, இந்த ஆம்பளைகள் அதைக்கூட விசாரிக்காமல் வருடா வருடம் அடுத்த நோட்டுக்குத் தூக்கி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாராக்கடனை எத்தனை வருடம் சுமப்பது என்று ஸ்கேல் வைத்து ஏழு வரியையும் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் தள்ளுபடி என்று எழுதி, கூட்டல் சரியாக வந்ததில் திருப்தியாகிக் காலை ஜெபத்துக்குப் போனேன்.

கடைசி நாள் காலையில் டென்ட் மடிப்பதற்கு முன் எல்லோரும் வாசலுக்கு வருகிறார்கள், வழியில் என்று எழுதிய பெயர்களைக் கண்டக்டர் படிப்பார், அது அவர்கள் முறை. நோட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், பிறகு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அடியிலிருந்தே படித்தார். பல்லி என்றார், பின்னாலிருந்து ஒருவர் வந்துக்கிட்டிருக்கான் என்றார். சோடா என்றார், வந்துக்கிட்டிருக்கான் என்று இன்னொரு குரல். நர்ஸம்மா என் காதில், பல்லி லாரிக்கு அடியில போய் நாலு வருஷம் ஆச்சுக்கா, சோடாவுக்கு ஈரல், வாத்திய நான்தான் கடைசியா பாத்தேன் என்றாள். கடைசியாகக் கண்டக்டர் மூட்டை என்று படித்தார். அப்புறம் உன் அப்பா, வந்துக்கிட்டிருக்கா என்றார். சாமான் வருகிறதா என்று கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன், யாரும் பதில் சொல்லவில்லையே என்று சுற்றிலும் பார்த்தேன். யாருங்க மூட்டை என்று நர்ஸம்மாவைக் கேட்டேன். உங்களுக்குத் தெரியாதாக்கா, அண்ணன் ஒரு வருஷம் துண்டால இடுப்போட கட்டித் தூங்க வச்சே தூக்கிட்டு வந்தாரே, கேட்ல அவுத்து இறக்கினப்பக்கூட முழிக்கல, உங்க பொண்ணுதான் என்றாள்.

பதிமூன்று வயதில் ஒரே ஒரு தடவை போனாய், அந்தப் பெயர் உனக்கு நினைவிருக்கும், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, அடுத்த கேம்புக்கு வந்துடுவேன், என் பேர எழுதி வைங்கப்பா என்று சொன்னாயாமே. எழுதி வைத்திருக்கிறார். இடையில் இரண்டு தடவை வந்தாய், இரண்டும் கேம்ப் காலம் இல்லை. செத்தவங்க நடுவுல என் பொண்ணு பேர ஏன் எழுதினீங்க என்று எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டேன். அவர், இங்க அப்படிப் பிரிச்சு எழுதறதில்ல, வரணும்னு இருக்கறவங்க அவ்வளவுதான் என்றார். கண்டக்டர் நோட்டை மூடி என்னிடமே கொடுத்து, அண்ணி, அது பாக்கி இல்ல, ஆளுங்க என்றார், கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஏழு பெயரையும் அடியில் நீல மையில் திரும்ப எழுதினேன். சிவப்பை அழிக்க முடியவில்லை, தாள்தான் கிழிந்தது.

திரும்பி வரும்போது கண்டக்டர் அப்பாவின் வண்டியை ஓட்டினார், அப்பா பின்னால். பிடித்துக்கொள்ளக் கை இல்லை என்பதால் நர்ஸம்மா ஒரு துண்டை எடுத்து இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள். இப்ப நான்தாண்டா மூட்டை என்றார் அப்பா, எல்லோரும் சிரித்தார்கள், நான் தொட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். அச்சகக்காரர் நேற்று வந்தார், வண்டி இப்போது விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டேன், உனக்குக் கோபம் வரும், வரட்டும். அப்பா இனி ஓட்ட மாட்டார், அதை அவரே சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் இரண்டு கையாலும் சாவியைத் திருப்பி, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் இன்ஜினைக் கேட்கிறார், பூனையும் கூட உட்கார்ந்திருக்கிறது, அவருக்காக நான் சாவியைத் திருப்புவதில்லை, எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். நேற்று அதற்கே ரொம்ப நேரம் ஆனது, போன வாரம் அவ்வளவு ஆகவில்லை.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது, அடுத்த வருடத்துக்கு நான்தான் எழுத வேண்டுமாம். புதுப் பக்கத்தில் கோடு போட்டு வைத்துவிட்டேன். ரெண்டாம் கியரை எந்தப் பத்தியில் எழுதப்போகிறேன் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும், அதை நினைத்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். உன்னைக் கட்டாயம் வா என்று சொல்ல மாட்டேன், உன் வேலையும் லீவும் உனக்குத் தெரியும். அன்றைக்கு அப்பா சொன்ன வந்துக்கிட்டிருக்கா என்பது கேள்வியா பதிலா, எனக்குப் பிடிபடவில்லை, நீ எழுது. தள்ளுபடி என்ற சொல்லை இந்த நோட்டில் இனி எழுத மாட்டேன்.

ஆண்டவன் உன் முதுகுக்கு நிழலாகவும் கைக்குப் பலமாகவும் இருக்கட்டும். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மறக்காமல் ஒன்று, அடுத்த தடவை போன் செய்யும்போது கை எப்படி இருக்கிறது என்று அப்பாவைக் கேட்காதே, வண்டி எப்படி இருக்கிறது என்று கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(கேம்பில் எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்: சிவப்பு மை)