ஆணியில் தொங்கும் கண்ணாடி

நொவாய், ஹைட்டி

அன்புள்ளவளே,

இந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாகத் தொடங்குகிறேன். வரிகள் சாய்ந்திருந்தால் திட்டாதே. சிலியில் குளிர் குறைந்ததா?

நீ அனுப்பிய பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பட்டறையில் தகரக் கடற்கன்னி செய்ய உட்கார்ந்தேன். பக்கத்துப் பட்டறை வில்னோர், "என்னடா, கடற்கன்னிகூட முங்கப் போறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தில் கடற்கன்னியின் வாலை உளியால் வெட்டும்போது ஒரு துணுக்கு தெறித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. காப்பி ஊற்றினால் குவளைக்குப் பக்கத்தில் விழுகிறது, அவ்வளவுதான். வில்னோர் தினமும் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறான். எரிச்சலாக வருகிறது.

போட்டோ கேட்டாயே, வலப்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புகிறேன்.

கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. ஒரு கீறல்கூட விழவில்லை.

உன் வீட்டுக்காரன்